வெளிநாட்டிலும் கைகொடுக்கிற ஸ்மார்ட்போன்: பெயரைப் பார்க்காதீர்கள், மாடல் எண்ணைப் பாருங்கள்

கேள்வி இதுதான்: "கேம் ஆடும் பழக்கம் இல்லை. வாட்ஸ்அப், வீடியோ கால், போட்டோ, மேப், பேங்க் ஆப், இவ்வளவுதான் என் உபயோகம். அவ்வப்போது வெளிநாடு போகிறேன், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு நாடு. இருப்பதிலேயே விலை உயர்ந்த போனைத்தான் வாங்க வேண்டுமா, நடுத்தர விலையில் முடியுமா? எதைப் பார்த்து வாங்குவது?"

நடுத்தர விலையிலேயே தாராளமாக முடியும். எல்லோரும் ஒப்பிட்டுப் பார்க்கிற மெகாபிக்ஸல், ப்ராசஸர், ரேம் விஷயத்தில் நீங்கள் சொன்ன உபயோகத்துக்கு இன்றைய போன்கள் எதுவும் பெரிதாகக் குறை வைக்காது. குறை இருப்பது ரிவ்யூக்களில் யாரும் பேசாத இடத்தில்: நெட்வொர்க் பேண்ட் (போன் பிடிக்கக்கூடிய அலைவரிசை), வோல்டீ (4ஜி வழிக் குரல் அழைப்பு), இ-சிம் (தனி அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே அமைக்கும் சிம்), என்எஃப்சி (போனை அருகில் காட்டிப் பணம் கட்டும் வசதி). விமானத்தை விட்டு இறங்கிய பிறகுதான் அது தெரியவரும், அப்போது போனை மாற்றவும் முடியாது. அதனால் பதிலை அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரே பெயரில் விற்கிற போன் எல்லா நாட்டிலும் ஒரே போன் இல்லை. 2022இல் வந்த ஐபோன் 14ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் விற்றதில் சிம் போடும் தட்டே கிடையாது, முழுக்க இ-சிம். சீனாவில் விற்றதில் இரண்டு நானோ சிம் போடலாம், ஆனால் இ-சிம் கிடையாது. மற்ற பெரும்பாலான நாடுகளில் ஒரு நானோ சிம்மும் இ-சிம்மும். ஒரே பெயர், ஒரே உருவம், உள்ளே மூன்று விதம். சாம்சங் எஸ்24இன் மாடல் எண் எஸ்எம்-எஸ்921 என்று தொடங்கும். அதன் கடைசியில் பி இருந்தால் பல நாடுகளுக்குப் பொதுவானது, யூ என்றால் அமெரிக்கா, என் என்றால் தென்கொரியா. பெரும்பாலான நாடுகளுக்கான எஸ்24இல் எக்ஸினாஸ் சிப், அமெரிக்காவுக்கானதில் ஸ்னாப்டிராகன்.

விலை உயர்ந்த போன்களிலேயே இப்படி என்றால், நடுத்தர விலையில் வித்தியாசம் இன்னும் அதிகம். எந்தச் சந்தையில் விற்கிறார்களோ அதற்கு வேண்டியதை மட்டும் வைத்து, மீதியை வெட்டிச் செலவைக் குறைப்பார்கள். ஒரு நாட்டில் விற்கிற மாடலில் என்எஃப்சி இருக்கும், பக்கத்து நாட்டில் அதே பெயரில் விற்பதில் இருக்காது. ஆகவே "இந்த போன் நல்லதா?" என்ற கேள்வியை விட்டுவிட்டு, பெட்டியின் பின்பக்கம் சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கும் மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளரின் தளத்தில் அந்த எண்ணுக்கான விவரப் பக்கத்தைத் திறங்கள். இனி நான் சொல்வதையெல்லாம் அந்தப் பக்கத்தில்தான் சரிபார்க்க வேண்டும்.

அதில் பார்க்க வேண்டிய முதல் வரி, 4ஜி எல்டிஇ பேண்டுகள். ஒவ்வொரு நாடும் தன் மொபைல் நிறுவனங்களுக்கு வெவ்வேறு அலைவரிசைகளை ஒதுக்கியிருக்கிறது. போனில் அந்த அலைவரிசைக்கான பேண்ட் இல்லையென்றால், டவர் தலைக்கு மேலேயே நின்றாலும் பயனில்லை. உலகில் மிகப் பரவலாக இருப்பது பேண்ட் 3, அதாவது 1800 மெகாஹெர்ட்ஸ். இது ஏறக்குறைய எல்லா போனிலும் இருக்கும், அதனால் நகர மையத்தில் நிற்கும்போது எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். சிக்கல் குறைந்த அலைவரிசையில். 600, 700, 800 மெகாஹெர்ட்ஸ் அலைகள்தான் நெடுந்தூரம் போகும், சுவரைத் தாண்டி உள்ளே வரும். கிராமப்புறச் சாலை, ரயில் பயணம், கட்டடத்தின் அடித்தளம் எல்லாவற்றிலும் சிக்னல் தருவது அவைதான். நாட்டுக்கு நாடு அதிகம் மாறுவதும் அவைதான்.

ஐரோப்பாவுக்குப் போவதானால் பேண்ட் 20 இருக்க வேண்டும். ஆஸ்திரேலியா, லத்தீன் அமெரிக்கா, ஜப்பான் போன்ற இடங்களுக்கு பேண்ட் 28. அமெரிக்கா தனி உலகம்: அங்கே 12, 13, 71 ஆகியவற்றோடு 2, 4, 66 ஆகியவையும் தேவை. 71 டி-மொபைலுடையது, 13 வெரைஸனுடையது, ஆகவே எந்த நிறுவனத்தின் சிம் போடப் போகிறீர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆசியச் சந்தைக்கென்றே தயாரான நடுத்தர போன்கள் பலவற்றில் இந்த அமெரிக்க பேண்டுகள் இருக்காது. இடையிடையே அமெரிக்கா போகிறவர் என்றால் இந்த ஒரு வரிக்காகவே சில ஆயிரம் கூடுதலாகக் கொடுக்கலாம் என்பேன். ஐரோப்பாவோடும் ஆசியாவோடும் நின்றுவிடுகிறவருக்கு அந்தச் செலவு வீண்.

5ஜி பற்றிப் பெரிதாக அலட்டிக்கொள்ள வேண்டாம். பெரும்பாலான நாடுகளில் 3.5 கிகாஹெர்ட்ஸ் சுற்றியுள்ள என்78 பேண்டும், அமெரிக்காவில் என்41, என்71, என்77 ஆகியவையும் முக்கியம். இருந்தால் நல்லது. மேப்புக்கும் வீடியோ காலுக்கும் 4ஜியே போதும்.

இரண்டாவது விஷயம் வோல்டீ, அதாவது 4ஜி வழியாகவே குரல் அழைப்பு. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. முன்பெல்லாம் 4ஜியில் டேட்டா ஓடும், அழைப்பு வந்தால் போன் தானாக 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கிப் பேசவைக்கும். இப்போது பல நாடுகளில் இறங்குவதற்குக் கீழே எதுவுமில்லை. அமெரிக்காவின் ஏடி அண்ட் டி 2017இன் தொடக்கத்திலேயே 2ஜியை மூடியது, 2022 பிப்ரவரியில் 3ஜியையும் மூடியது. அதே ஆண்டு முடிவதற்குள் டி-மொபைலும் வெரைஸனும் 3ஜியை நிறுத்தின. ஆஸ்திரேலியாவில் டெல்ஸ்ட்ராவும் ஆப்டஸும் 2024 அக்டோபர் 28 அன்று 3ஜியை நிறுத்தும் வேலையைத் தொடங்கின.

விளைவு விசித்திரமாக இருக்கும். திரையில் 4ஜி சிக்னல் முழுசாக நிற்கும், வாட்ஸ்அப் வேலை செய்யும், மேப் ஓடும். டயல் செய்தால் மட்டும் கால் போகாது. "வாட்ஸ்அப் இருக்கிறதே, கால் எதற்கு?" என்று தோன்றலாம். ஆம்புலன்ஸை வாட்ஸ்அப்பில் கூப்பிட முடியாது. ஆஸ்திரேலியாவில் அவசர எண்ணான 000ஐ 4ஜி வழியாக அழைக்க முடியாத போன்களுக்கு நெட்வொர்க் இணைப்பே தரக்கூடாது என்று விதி போட்டிருக்கிறார்கள். வோல்டீ போனில் இருப்பது மட்டும் போதாது, அந்த நாட்டு நிறுவனம் அந்த மாடலை ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று இருக்கிறது. போனில் *#06# என்று டயல் செய்தால், ஒவ்வொரு போனுக்கும் உரிய அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். அமெரிக்க, ஆஸ்திரேலிய நிறுவனங்கள் பலவும் தங்கள் தளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்க்க இடம் வைத்திருக்கின்றன. பெட்டியின் மேலேயே ஐஎம்இஐ அச்சிட்டிருக்கும் என்பதால், கடையில் நிற்கும்போதே பார்த்துவிடலாம்.

அதே *#06#இல் இன்னொன்றும் தெரியும். இஐடி என்று 32 இலக்க எண் ஒன்று தனியாக வந்தால் அந்த போனில் இ-சிம் இருக்கிறது. வராவிட்டால் இல்லை. பழைய போனை செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது விற்பவர் என்ன சொன்னாலும் இதுதான் நம்பகமான சோதனை.

வெளிநாடு போகிறவருக்கு இ-சிம் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், பேங்க் ஓடிபி. உங்கள் சொந்த நம்பர் போனை விட்டு வெளியே வந்துவிட்டால் ஓடிபி வராது, பணப் பரிவர்த்தனை நின்றுவிடும். சொந்த சிம் தட்டிலேயே இருக்கட்டும், போகிற நாட்டுக்கான இணைப்பை இ-சிம்மாகப் போட்டுக்கொள்ளுங்கள். டேட்டா முழுக்க இ-சிம்மில் ஓடும், சொந்த நம்பர் எஸ்எம்எஸ் வாங்குவதற்கு மட்டும் விழித்திருக்கும். இதற்கு சொந்த நம்பரில் ரோமிங் வசதியைப் புறப்படும் முன்பே இயக்கி வைத்திருக்க வேண்டும், ஆனால் அந்த லைனின் டேட்டா ரோமிங்கை அணைத்துவிட வேண்டும். ஐபோனில் "செல்லுலார் டேட்டா ஸ்விட்சிங்" என்று ஒரு அமைப்பு இருக்கிறது. ஒரு லைனில் சிக்னல் குறைந்தால் போன் தானாக மற்ற லைனின் டேட்டாவுக்குத் தாவும். ஊர் திரும்பியதும் எதிர்பாராத ரோமிங் பில் வரக் காரணமாகக்கூடிய அமைப்பு இது. ஆண்ட்ராய்டிலும் பல போன்களில் இதற்கு இணையானது உண்டு. அணைத்து வையுங்கள்.

பயண இ-சிம்கள் பெரும்பாலும் டேட்டா மட்டுமே தரும், உள்ளூர் நம்பர் தராது. சில நாள் சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு அது போதும். மாதக்கணக்கில் தங்குகிறவர் உள்ளூர் சிம் வாங்குவதே நல்லது. சீனாவில் மட்டும் கணக்கு தலைகீழ்: வெளிநாட்டு இ-சிம்மின் டேட்டா அந்த வெளிநாட்டு நெட்வொர்க் வழியாகச் சுற்றி வருவதால், கூகுளும் வாட்ஸ்அப்பும் பொதுவாக வேலை செய்யும். உள்ளூர் சிம்மில் அவை திறக்காது.

என் விருப்பம் ஒரு நானோ சிம் தட்டும் இ-சிம்மும் சேர்ந்த மாடல். முழுக்க இ-சிம் மட்டுமே உள்ள போன்கள் கூடிவருகின்றன, 2025இல் வந்த ஐபோன் ஏர் எல்லா நாட்டிலும் அப்படித்தான். தினசரி உபயோகத்தில் அதில் தொந்தரவு இல்லை. வெளிநாட்டில் போன் கீழே விழுந்து திரை போய்விட்டால் தெரியும் வித்தியாசம். பிளாஸ்டிக் சிம் என்றால் ஒரு ஊசியால் தட்டைத் திறந்து வேறு எந்த போனிலும் போட்டுவிடலாம். இ-சிம்மை வேறு போனுக்கு மாற்ற, பல நிறுவனங்கள் ஓடிபி கேட்கும். அந்த ஓடிபி உடைந்த போனுக்குத்தான் வரும்.

எந்த சிம்மை ஏற்கலாம் என்று போனுக்குப் போடும் பூட்டுகள் இரண்டு வகை. ஒரு நிறுவனத்தின் தவணைத் திட்டத்தில் வாங்கிய போன் அந்த நிறுவனத்தின் சிம்மை மட்டுமே ஏற்கலாம். ஐபோனில் அமைப்புகளின் "அபவுட்" பகுதியில் கேரியர் லாக் என்ற வரிக்கு எதிரே "நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்" என்று இருந்தால் பிரச்சினை இல்லை. இன்னொன்று பிராந்தியப் பூட்டு. சாம்சங் போன்கள் பலவற்றில், விற்ற பிராந்தியத்தின் சிம்மைப் போட்டு ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசிய பிறகுதான் வேறு பிராந்திய சிம்மை ஏற்கும் என்று பெட்டியிலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். புது போனைப் பிரித்த கையோடு விமானம் ஏறுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நீண்ட காலம் தங்குவதானால் இன்னொரு தடை. வெளிநாட்டு போனின் ஐஎம்இஐயைப் பதிவு செய்யாமல் உள்ளூர் சிம்மோடு பயன்படுத்தினால் சில நாடுகள் தடுத்துவிடும். துருக்கியில் 120 நாள் அவகாசம், அதன் பிறகு கட்டணம் கட்டிப் பதிவு செய்தால்தான் சிக்னல். பாகிஸ்தானிலும் இந்தோனேசியாவிலும் இதுபோன்ற பதிவு முறை உண்டு. ரோமிங்கில் இருக்கும் சிம்மை இது பொதுவாகத் தொடாது.

சரி, நெட்வொர்க்கை விட்டு மற்றவற்றுக்கு வருவோம். என்எஃப்சி கட்டாயம் இருக்கட்டும். லண்டனின் மெட்ரோ, பஸ், சிங்கப்பூரின் எம்ஆர்டி ரயில் எல்லாவற்றிலும் போனைக் கதவில் காட்டிவிட்டு உள்ளே போகலாம், டிக்கெட் இயந்திரத்தின் முன் வரிசையில் நிற்க வேண்டாம். ஜப்பான் மட்டும் வித்தியாசம். அங்கு ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் கட்டணம் கட்டும் சுய்கா அட்டை ஃபெலிக்கா என்ற தனி முறையில் இயங்குகிறது. ஐபோன் 8 முதல் எந்த நாட்டில் வாங்கிய ஐபோனும் அதை ஏற்கும். ஜப்பானுக்கு வெளியே விற்கிற ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலானவை ஏற்காது. ஜப்பானுக்கு அடிக்கடி போகிறவர் ஐபோனா ஆண்ட்ராய்டா என்று யோசிக்கும்போது, இதை ஒரு காரணமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது மிகச் சின்ன விஷயம், ஆனால் புது ஊரில் தினமும் உறுத்தும்: காந்தத் திசைகாட்டி. சுரங்க ரயில் நிலையத்திலிருந்து படியேறி வெளியே வருகிறீர்கள். நான்கு பக்கமும் தெரு. மேப்பில் நீலப் புள்ளி நிற்கிறது. திசைகாட்டி உள்ள போனில் அந்தப் புள்ளியிலிருந்து விசிறிபோல ஒரு வெளிச்சம் விரிந்து, நீங்கள் பார்க்கும் திசையைக் காட்டும். இல்லாத போனில் வெறும் புள்ளி மட்டும். ஏதோ ஒரு பக்கம் ஐம்பதடி நடந்து, புள்ளி எங்கே நகர்கிறது என்று பார்த்து, தவறென்றால் திரும்ப வேண்டும். விலை குறைந்த போன்களில் இந்த சென்சாரை வெட்டிவிடுவது வழக்கம். விவரப் பக்கத்தில் சென்சார்கள் வரியில் காம்பஸ் அல்லது மேக்னெட்டோமீட்டர் என்று இருக்கிறதா என்று பாருங்கள். போன் திரும்புவதை உணரும் கைரோஸ்கோப்பும் இருப்பது நல்லது.

சீனச் சந்தைக்கென்று வந்த போன்கள் மலிவாகக் கிடைக்கும்போது ஆசை வரும். அவற்றில் கூகுள் சேவைகள் முழுமையாக இருக்காது, பேண்டுகளும் அந்த நாட்டுக்கேற்றபடிதான். நீங்கள் சொன்ன உபயோகத்துக்கு அந்த வழியில் போகவே வேண்டாம். ஜப்பான், தென்கொரியச் சந்தைகளுக்கான போன்களில், சைலண்டில் வைத்தாலும் கேமரா "க்ளிக்" என்று சத்தம் போடும். அது தெரிந்து வாங்கினால் சரி.

பேட்டரி 5000 மில்லி ஆம்பியர்-மணி என்பது இப்போது நடுத்தர போன்களில் சாதாரணம், அதற்குக் குறைய வேண்டாம். பயண நாளில் மேப்பும் கேமராவும் சேர்ந்து வீட்டில் ஆவதைவிட வேகமாக உறிஞ்சும். சார்ஜ் விஷயத்தில் வேக எண்களைப் பார்த்து மயங்காதீர்கள். 80 வாட், 100 வாட் என்று விளம்பரம் செய்வது பல போன்களில் அந்த நிறுவனத்தின் சொந்த சார்ஜரோடு மட்டுமே நடக்கும். வேறு சார்ஜரில் போட்டால் ஆமை வேகம். பல நிறுவனங்களுக்கும் பொதுவான யூஎஸ்பி பவர் டெலிவரி முறையிலும் நல்ல வேகத்தில் ஏறுகிறதா என்று பாருங்கள், அப்படியானால் ஒரே யூஎஸ்பி-சி சார்ஜர் லேப்டாப்புக்கும் போனுக்கும் போதும். சார்ஜரின் மேல் 100-240 வோல்ட் என்று இருந்தால் ஜப்பானின் 100 வோல்ட்டிலும் ஐரோப்பாவின் 230 வோல்ட்டிலும் அதுவே வேலை செய்யும். பிளக்கின் வடிவத்தை மாற்றும் அடாப்டர் மட்டும் போதும், வோல்டேஜ் மாற்றி தேவையில்லை.

விமானத்தில் பவர் பேங்க் 100 வாட்-மணிக்கு உட்பட்டதாக, கையில் எடுத்துப்போகும் பையில்தான் இருக்க வேண்டும், செக்-இன் லக்கேஜில் போடக்கூடாது. 20,000 மில்லி ஆம்பியர்-மணியை 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74 வாட்-மணி, ஆகவே அது தாராளம். 27,000ஐத் தொடும்போது எல்லைக்கு வந்துவிடும். 2025இலிருந்து விமான நிறுவனங்கள் இன்னும் இறுக்கிவிட்டன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அந்த ஆண்டு ஏப்ரல் முதல் பறக்கும்போது பவர் பேங்கில் சார்ஜ் செய்வதையே தடை செய்தது. நீண்ட பயணத்தில் போனின் சொந்த பேட்டரி பெரிதாக இருப்பதன் அருமை அப்போது தெரியும்.

கேமராவைப் பற்றி நீளமாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. மூன்று நான்கு கண்கள் இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம், 2 மெகாபிக்ஸல் மேக்ரோ என்பது எண்ணிக்கைக்காக வைத்தது. முதன்மைக் கேமராவில் கை நடுக்கத்தை ஈடுசெய்யும் ஆப்டிகல் ஸ்டெபிலைசேஷன் இருந்தால் இரவுப் படங்கள் கலங்காது, அதுதான் பார்க்க வேண்டியது. ஸ்டோரேஜ் மட்டும் தாராளமாக வாங்குங்கள். ஐபோனில் 4கே வீடியோவை நொடிக்கு 60 ஃப்ரேமில் எடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 400 எம்பி போகும். 128 ஜிபி சீக்கிரம் நிரம்பும், 256 வாங்குங்கள். நீரைத் தாங்கும் என்பதற்கான ஐபி68 குறி போட்டிருந்தாலும் அது நன்னீரில் செய்த சோதனை. கடலில் இறக்காதீர்கள்.

அப்டேட் எத்தனை ஆண்டு என்பது பேங்க் ஆப் பயன்படுத்துகிறவருக்கு முக்கியம். கூகுளின் பிக்ஸல் 8 முதலும் சாம்சங் எஸ்24 முதலும் ஏழு ஆண்டு என்று உறுதி சொல்லியிருக்கிறார்கள். நடுத்தர போன்களில் பிராண்டுக்குப் பிராண்டு மாறும், நான்கு ஆண்டு பாதுகாப்பு அப்டேட்டாவது சொல்லாத போனை ஒதுக்கிவிடுங்கள். வாரண்டியும் பல ஆண்ட்ராய்டு நிறுவனங்களுக்கு வாங்கிய நாட்டோடு சரி, வெளிநாட்டில் மலிவு என்று வாங்கி வருவதற்கு முன் இதையும் கணக்கில் சேருங்கள்.

புது போன் வந்ததும் பழையதை விற்றுவிடாதீர்கள். வெளிநாடு போகும்போது அதையும் எடுத்துப்போய் அறையில் வைத்துவிட்டு வெளியே போங்கள். கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கில் அதிலும் உள்நுழைந்து, உள்நுழைவுக் குறியீடு தரும் ஆத்தென்டிகேட்டர் செயலியையும் அதில் ஒரு பிரதி அமைத்து வையுங்கள். கையிலிருக்கும் போன் பறிபோனால், தொலைந்த போனைத் தேடும் ஃபைண்ட் மை அல்லது ஃபைண்ட் ஹப் வழியாக அதைப் பூட்டவும், உங்கள் கணக்குகளுக்கான சரிபார்ப்புக் குறியீடு வந்து சேரவும் இன்னொரு சாதனம் கையில் இருக்கும். திருட்டிலிருந்து காக்க ஐபோனில் ஸ்டோலன் டிவைஸ் புரொடெக்‌ஷன் 2024 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 17.3 முதல் இருக்கிறது, ஆண்ட்ராய்டில் தெஃப்ட் டிடெக்‌ஷன் லாக். இரண்டையும் புறப்படும் முன்பே இயக்கிவிடுங்கள், ஐஎம்இஐ எண்ணைத் தாளில் எழுதி பாஸ்போர்ட்டோடு வையுங்கள். போலீஸில் புகார் கொடுக்கும்போது பெரும்பாலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.